அரை டம்ளர்

என் அண்ணன் அறையில் எந்த டம்ளரும் பாதிக்கு மேல் நிறைந்ததில்லை. டீ என்றால் அரை டம்ளர், தண்ணீர் என்றால் அரை டம்ளர், மாத்திரை விழுங்கவும் அரை டம்ளர். நான் போனால் மட்டும், "நீயே போட்டுக்க" என்று அடுப்பைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். தங்கச்சிக்கு ஒரு வாய் டீ ஊற்றிக் கொடுக்க இவனுக்கு என்ன கேடு என்று பல வருடம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். மனசுக்குள் என்ன, வாய்விட்டே திட்டியிருக்கிறேன். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. அவனுக்கு எதையும் வெளியே எடுக்கத் தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்தோம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மா அவனுக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். என்னைவிட இரண்டே வயதுதான் மூத்தவன், அதனால் நான் அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை. ஆரம்பத்தில் முன்பக்கம் நின்றவன். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா, மூக்கில் வடு விழுகிறதா என்று பார்ப்பான். ஒரு நூல் வளைத்து மறுபடி மாட்டுவான். அவன் வளைத்த கண்ணாடி குனிந்தாலும் விழாது என்று ஆட்கள் தேடிக்கொண்டு வந்த காலம் உண்டு.

முப்பத்தொன்பது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றுமே தெரியாது, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு ஸ்பூனையோ பேனாவையோ எடுத்துவிட்டால் போதும், அப்போது பிடிக்கும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு மடங்கு. ஒருநாள் காலை ஒரு அம்மாளின் முகத்துக்கு நேராக ஸ்குரூ டிரைவரைக் கொண்டுபோயிருக்கிறான். அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து அந்த அம்மாள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "காலங்காத்தாலேயேவா?" என்று கேட்டுவிட்டாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தன் சிரித்தானாம்.

முதலாளி கெட்டவர் இல்லை. "நீ உள்ள உக்காந்து ரிப்பேர் வேலைய மட்டும் பாரு, வெளிய நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அண்ணன் பின்னறையில். சுவரைப் பார்த்த மேசை, ஒரு விளக்கு, கண்ணாடிச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன இடுக்கிப் பட்டறை. இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் அழுத்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எறும்புத் தலை அளவு ஸ்குரூவை உட்காரவைப்பான். மூன்று கீழே விழும், நாலாவது உட்காரும். நேரம் இரட்டிப்பாகும், வேலையில் ஒரு சொட்டை சொல்ல முடியாது. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் தன் டப்பாவைத் திறப்பான். கல்யாணம், காட்சி என்று எங்கே அழைத்தாலும் "வயிறு சரியில்ல." இவன் வயிற்றைப் போல ஒரு வயிறு உலகத்தில் கெட்டதில்லை என்று எங்கள் வீட்டில் கேலி பேசுவோம்.

கேலிக்குப் பின்னால் வேறு பேச்சும் இருந்தது. எங்கள் அப்பா குடிகாரர். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்கிற உலகம் இது. இவனோ பனைமரத்துக்கே பிறந்தவன், கேட்க வேண்டுமா?

அப்பாவைப் பற்றி ஒரு காலை மட்டும் சொன்னால் போதும். அப்போது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பதின்மூன்று. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டீக் கோப்பையைப் பிடித்திருக்கிறார். கோப்பை சாஸரில் கடகடவென்று அடித்துக்கொள்கிறது, டீ வேட்டியில் சிந்துகிறது. அண்ணன் வாசலில் நின்று பார்க்கிறான். "நான் குடிக்கலைடா" என்கிறார் அப்பா. "சத்தியமா இன்னைக்கு இன்னும் குடிக்கலை." தினமும் அதே பல்லவிதான். சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தாலும் அதேதான் சொல்வார். அன்றைக்கு அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. போய்க் கோப்பையைத் தட்டிவிட்டான். "அந்தப் பொய்ய இன்னொரு தடவை என் காதுல போடாதீங்க" என்று கத்தினான். அப்பா குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். நடுங்கும் கையால் பொறுக்கியதில் விரல் கிழிந்தது.

அதன்பிறகு அப்பா எங்கள் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாலு வருடத்தில் செத்தும் போனார். அண்ணன் அந்த வாடையையே அண்டவிட்டதில்லை. இருமல் மருந்து வாங்கினால்கூட லேபிளைப் படித்து, ஆல்கஹால் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவான். இவ்வளவும் தெரிந்த நானே அவனைச் சந்தேகப்பட்டேன் என்றால் என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கை நடுங்க ஆரம்பித்ததும் அவன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அண்ணி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். டாக்டரிடம் போகச் சொன்னாள். தனியாகப் போனான், அரை மணியில் திரும்பி வந்தான். "ஒண்ணுமில்லைன்னுட்டார்" என்றான். ஒரு வருடம் கழித்து அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் தன் அக்கா வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டாள். வாண்டு என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினொரு வயது. அண்ணன் கடைக்கு மேலேயே ஒற்றை அறை எடுத்துக்கொண்டான். வாண்டு மாதம் ஒருமுறை வந்து பார்ப்பாள். இருவரும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிஸ்கட்கூடச் சேர்ந்து தின்றதில்லை.

எங்கள் குடும்பத்தில் இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. குடி. அந்தப் பேச்சில் என் பங்கும் உண்டு, பிறகு சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லவே எனக்கு யோக்கியதை இல்லை.

பதினொரு வருடம் இப்படியே போனது. போன வருடம் வாண்டு எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, எனக்கு வேலை கெடச்சிருக்கு. கடல் தாண்டிப் போகணும், போனா எப்ப வருவேன்னு தெரியாது. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பாவ இங்க சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு தடவை எங்க கூட மேசையில உக்காந்து சாப்பிடணும். அம்மாவும் சரின்னுட்டா."

அண்ணனிடம் சொன்னேன். "முடியாதுன்னு சொல்லிடு. வயிறு சரியில்ல" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன்டா, மூணு வாரம் கழிச்சு வரப்போற வயித்துவலி இன்னைக்கே வந்துடுச்சா? அந்தப் பொண்ணு வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கா. எங்கடா வெச்சிருக்கே பாட்டில? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

அலமாரியைத் திறந்து கொட்டினேன். அவன் தடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் இல்லை. ஒரு கட்டு ஸ்ட்ரா இருந்தது. மூடி போட்ட கோப்பைகள் இருந்தன. பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூன்கள். பழைய கைக்கடிகாரப் பட்டை ஒன்றில் இரும்பு நட்டுகளை வரிசையாகக் கோத்துத் தைத்து வைத்திருந்தான், கையில் கட்டினால் நல்ல கனம்.

"என்னடா இது?"

"கனம் இருந்தா கொஞ்சம் நிக்குது" என்றான்.

நான் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து அவன் முன்னால் வைத்தேன். எடு என்றேன். என்னைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், எடுத்தான். வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டையில் போய்விட்டது. நான் வெட்கமில்லாமல் கிட்டே போய் வாயை மோந்து பார்த்தேன். பல்பொடி வாசனைதான் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஈரச் சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன்.

மறுவாரம் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன உருவம், என்னைவிட வயதில் இளைய பெண். அவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கி நின்றது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் சுருள் கோடு போடச் சொன்னார், ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கோடு ரம்பப் பல்லாக வந்தது, தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. டாக்டர் துடைத்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"கொஞ்சம் மது சாப்பிட்டா நடுக்கம் குறையுதா?"

அண்ணன் எழுந்துவிட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருடா!"

"அன்னைக்கு அந்த டாக்டரும் இதையேதான் கேட்டாரு" என்றான். முகம் சிவந்துபோயிருந்தது. "அதான் எந்திரிச்சு வந்தேன். இப்ப நீங்களும் கேக்கறீங்க."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, நீங்க குடிகாரரான்னு நான் கேக்கல. இந்த நடுக்கத்துக்கே ஒரு குணம் இருக்கு. பல பேருக்கு ரெண்டு வாய் உள்ள போனா கொஞ்ச நேரம் கை நிக்கும். வேற நடுக்கத்துல பெரும்பாலும் அப்படி ஆகாது. அதனால எல்லார்கிட்டயும் கேப்போம். என் முன்னாடி உக்காந்த பள்ளிக்கூட டீச்சர்கிட்டயும் கேட்டேன்."

"அவன் தொட்டதே இல்ல டாக்டர்" என்றேன் நான்.

"அப்ப தெரியாதுன்னு எழுதிக்கறேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! கேட்ட கேள்விக்குத் 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே மருந்து கிடைத்திருக்கும். ரோஷக்காரன் எழுந்து வந்துவிட்டான். அந்த ரோஷத்துக்கு விலை பெண்டாட்டி, பிள்ளை, பன்னிரண்டு வருடம்.

"வீட்டுல வேற யாருக்காவது கை நடுக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு. ஆனா அது குடியால வந்தது."

"குடி முதல்ல வந்துச்சா, நடுக்கம் முதல்ல வந்துச்சா?"

என்ன கேள்வி இது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அம்மா ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். அம்மா ஆயுசு முழுக்க ஒரு விஷயத்தைச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கி மை கொட்டிவிட்டதாம். "என்னைப் பாத்து அவ்வளவு பயம்" என்பாள். அப்பா குடிக்க ஆரம்பித்தது நான் பிறந்த பிறகு.

அதைச் சொன்னேன். டாக்டர் எழுதவில்லை. "இப்ப நான் உறுதியா எதுவும் சொல்ல முடியாது. ரெண்டும் கலந்தும் இருந்திருக்கலாம். ஆனா இது பரம்பரையா வர்றதுதான்" என்றார்.

அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாத்திரை எழுதினார். சின்ன அளவில் ஆரம்பிக்கலாம், நாடித் துடிப்பைப் பார்த்துக் கூட்டலாம், முழுசாகப் போகாது, பாதி குறைந்தாலே நல்லது என்றார். இவன் தலையில் பாதி என்றே எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அண்ணன், "கண்ணாடியக் குடுங்க" என்று கையை நீட்டினான். டாக்டர் கழற்றிக் கொடுத்தார். பையிலிருந்த குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்து, அவர் மேசை விளிம்பிலேயே மணிக்கட்டை அழுத்தி, தளர்ந்த ஸ்குரூவை முறுக்கினான். இரண்டு தடவை நழுவியது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கண்ணாடியில்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் முன்னால் வைத்து அவன் வேலை செய்ததைப் பல வருடம் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

பஸ் நிறுத்தத்தில் என்னைவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். வாயைத் திறந்தால்தான் முத்து உதிர்ந்துவிடுமே. பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா சாயங்காலம் சொன்னது பொய்தான். காலையில சொன்னது பொய் இல்ல போலிருக்கு."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"நான் கோப்பையத் தட்டிவிட்டேன்" என்றான்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், போட்டான், மறுபடியும் கழற்றித் துடைத்தான். அவனை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் சண்டைதான் போடுவேன். "அண்ணிகிட்ட ஏன்டா சொல்லல? நான் குடிக்கறதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ போயிருப்பாளா?"

"அது யாரு வார்த்தைன்னு உனக்குத் தெரியாதா?" என்றான். "தினமும் காலையில அதக் கேட்டு வளந்தவன் நான். கைய நடுங்கவெச்சுக்கிட்டு அதே வார்த்தைய நான் சொன்னா எனக்கே நம்பிக்கை வராது. அவ எப்படி நம்புவா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாத்திரை கொஞ்சம் கேட்டிருந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டுப் பார்த்தான்.

அண்ணி வீட்டில் வட்ட மேசை, நாலு நாற்காலி. அண்ணிக்கு முன்தலை நரைத்திருந்தது. "வாங்க" என்றாள், அவ்வளவுதான். வாண்டுதான் நாலு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே பரிமாறினாள். அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் வைத்தாள். கண்ணாடி டம்ளர், விளிம்பு வரைக்கும். அவள் கை எப்போதுமே தாராளம்.

அண்ணன் சோற்றைப் பிசைந்தான், இரண்டு வாய் சமாளித்தான். விக்கல் எடுத்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தான். மேசை விரிப்பில் சிந்தியது, தட்டில் சிந்தியது, டம்ளர் பல்லில் இடித்தது. வைத்துவிட்டான். விக்கல் மட்டும் நிற்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு" என்றான் என்னிடம். பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"நான் குடிக்கல" என்றான். "என்னைக்குமே குடிச்சதில்ல. இது கை நோய்."

சொல்லி முடித்ததும் வியர்த்துவிட்டது அவனுக்கு. அண்ணி ஒரு துணி எடுத்து விரிப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள். "பக்கத்துல படுத்தவளுக்கு வாசனை தெரியாதா? ஒரு நாள்கூட வந்ததில்ல."

"பின்ன ஏன் போனே?"

"தட்ட எடுத்துட்டுப் போய்க் கதவச் சாத்திக்கிட்டா நான் என்னன்னு நினைக்கறது? எங்க மூஞ்சியப் பாத்துச் சாப்பிடப் புடிக்கலைன்னு நினைச்சேன். இவங்ககிட்ட கேட்டேன்." துணியை வைத்திருந்த கையாலேயே என்னைக் காட்டினாள். "குடியாத்தான் இருக்கும், அப்பா மாதிரின்னாங்க. என் மனசு ஒப்பல. நீங்களா ஒரு தடவை வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லுவீங்கன்னு ஒரு வருஷம் பாத்தேன்."

இதுதான் என் பங்கு. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, போகிற போக்கில், "வேற என்ன, அப்பா புத்திதான்" என்று சொன்னேன். ஒரு பாட்டிலைக்கூடக் கண்ணால் பார்க்காமல் சொன்னேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

வாண்டு எழுந்து அப்பாவின் டம்ளரை எடுத்தாள். மீண்டும் நிறைய ஊற்றினாள். பாதியைத் தான் குடித்தாள், மீதியை அவன் முன்னால் வைத்தாள். "இப்ப எடுங்கப்பா" என்றாள். எடுத்தான். ஒரு சொட்டுச் சிந்தியது. விக்கல் நின்றது.

கதையில் என்றால் அண்ணி அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாசல்வரை வந்தாள். "பஸ் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றான். பதினொரு வருடம் தனியே வாழ்ந்து பழகியவளை ஒரு வார்த்தையால் திருப்பிக் கூட்டி வர முடியுமா? அந்த வார்த்தைக்கு ஒரு நேரம் இருந்தது, அது போய்விட்டது. வாண்டுவும் அந்த வாரமே விமானம் ஏறிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அதன்பிறகு போன் எடுக்கவில்லை. இரண்டு ஞாயிறு பொறுத்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான். மூன்றாவது ஞாயிறு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தான். வழியெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை. ஊரையே விலை பேசுகிற வாய் ஒட்டிக்கொண்டது.

"உக்காரு" என்றான்.

நீயே போட்டுக்க என்று சொல்வான் என்று அடுப்புப் பக்கம் நகர்ந்தேன். "உக்காருன்னேன்ல" என்றான். அவனே பாத்திரத்தை வைத்தான், டீ போட்டான். டம்ளரை எடுத்து விளிம்பு வரை ஊற்றினான். அடுப்பைச் சுற்றியே ஒரு குளம். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்தான். அடுப்பிலிருந்து கட்டிலுக்கு ஆறு எட்டு வைத்தால் போதும். எட்டுக்கு எட்டு தரையில் சொட்டிக்கொண்டே வந்தது, கடைசியில் என் மடியிலும் சுரீரென்று விழுந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை.

"சூடா இருக்கு, பாத்து" என்று நீட்டினான்.

என் கைக்கு வந்து சேர்ந்தபோது பாதிதான் இருந்தது. சர்க்கரை போட மறந்திருந்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.